இரவுப் பறத்தலும் விமானியின் உறக்கமும்

1927 மே மாதம் நியூயார்க்கிலிருந்து பாரிசுக்குத் தனியாக 33 மணி நேரத்துக்கும் மேல் பறந்த சார்லஸ் லிண்ட்பெர்க்கை வழியெல்லாம் வாட்டியது தூக்கம். முந்தைய இரவும் அவர் உறங்கவில்லை. பின்னாளில் நாசா, பசிபிக்கைக் கடக்கும் விமானிகளை முறைவைத்து இருக்கையிலேயே உறங்கவிட்டு ஆராய்ந்தது. சராசரி 26 நிமிட உறக்கமே விழிப்பைக் கூட்டியது.

விமானியின் தூக்கத்துக்கு இந்தியா கொடுத்த விலை பெரிது. 2010 மே 22 காலையில் துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் மங்களூர் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்தது. 158 பேர் மாண்டனர். விமானி அறை ஒலிப்பதிவில் முதல் ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல் பேச்சே இல்லை, இடையிடையே குறட்டைதான். இறங்கும் நேரத்தில் துணை விமானி 'மறுபடி மேலே ஏறுங்கள்' என்று மும்முறை சொல்லியும் பலனில்லை. தூக்கம் கலைந்த மந்தநிலை தலைமை விமானியின் தீர்மானத்தைக் கெடுத்திருக்கலாம் என்றது விசாரணை அறிக்கை. 2011இல் விமானிகளின் பணிநேர விதிகள் திருத்தப்பட்டன. உடல் மிகவும் தளரும் அதிகாலை 2 முதல் 6 மணிவரை தனியாகக் கணக்கில் கொள்ளப்பட்டது.