துவிச்சக்கரவண்டியும் வானொலியும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் தென்மராட்சிக்குத் தலையாய ஊர் சாவகச்சேரி. சந்தையாலும் சோலைகளாலும் பெயர்பெற்ற அவ்வூரின் வரலாற்றில், நுட்ப அறிவு பற்றிய அத்தியாயமும் ஒன்று உண்டு. குடாநாட்டின் ஏனைய ஊர்களோடு அது பகிர்ந்துகொண்ட அவ்வத்தியாயத்தை எழுதியது தொழிற்சாலையன்று, தட்டுப்பாடே.

1990ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டது. குடாநாட்டுக்கு மின்சாரம் வருவது நின்றது. பெற்றோலும் பற்றரியும் தடைக்குட்பட்டன, மண்ணெண்ணெய் அரிதாயிற்று. வீட்டில் வானொலிப் பெட்டி இருந்தது. அதனை இயக்கும் வழிதான் இல்லை. எப்பாதை திறந்தது, உறவினர் வாழும் ஊருக்கு யாது நேர்ந்தது என அறிவது உயிரோடு தொடர்புற்ற காலம் அது.

வழி, துவிச்சக்கரவண்டியின் சில்லில் கிடைத்தது. வண்டி விளக்கை எரிக்கும் டைனமோ ஏறத்தாழ 6 வோல்ற்று மின்னைத் தருவது. 1.5 வோல்ற்றுப் பற்றரிகள் நான்கு சேர்ந்தாலும் அதே அளவுதான். ஆயின் டைனமோ தருவது ஆடலோட்டம். வானொலி வேண்டுவது நேரோட்டம். இடையே இருவாயிகளை இணைத்தால் அக்குறை தீரும். வண்டியை நிறுத்திவைத்து ஒருவர் மிதிக்க, சுற்றியிருந்தோர் லண்டனிலிருந்து வந்த தமிழோசையைக் கேட்டனர். மிதிப்பவர் களைத்தால் செய்தியும் தளர்ந்தது.

ஜாம் போத்தலில் பஞ்சும் சிறிது மண்ணெண்ணெயும் இட்டு எரித்த விளக்கும், சில துளி பெற்றோலால் உயிர்பெற்று மண்ணெண்ணெயால் ஓடிய மோட்டார்ச் சைக்கிளும் அவ்வாறே பரவின. ஒருவர் செய்ததை அயலவர் திறந்து பார்த்தார், திருத்தினார், மற்றவருக்குக் காட்டினார். உரிமை கோரினாரும் இலர். விலை கேட்டாரும் இலர். 1995ஆம் ஆண்டு அக்டோபர் இறுதியில் வலிகாமத்திலிருந்து இலட்சக்கணக்கானோர் இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கு வந்தபோது, பொதி சுமந்த வண்டிகளோடு இவ்வறிவும் உடன் வந்தது.

இதே காலத்தில் உலகின் மறுகோடியிலும் இத்தகைய எண்ணம் ஒன்று வளர்ந்தது. கணினியை இயக்கும் நிரலை எவரும் பயன்படுத்தவும், ஆராயவும், திருத்தவும், பகிரவும் உரிமை வேண்டுமென அமெரிக்கரான ரிச்சார்ட் ஸ்டால்மன் 1983ஆம் ஆண்டு முதல் முயன்றுவந்தார். 1991ஆம் ஆண்டில் ஹெல்சிங்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தாம் எழுதிய லினக்ஸ் கருநிரலை யாவரும் காண வெளியிட்டார். சாவகச்சேரியில் அதனை அறிந்தோர் அன்று அரியர். எனினும் இரண்டிடத்தும் நெறி ஒன்றே: கருவி பூட்டப்படாதிருந்தால், அதனைப் பயன்படுத்துவோரே அதனை வளர்ப்பர்.

வேறுபாடும் ஒன்று உண்டு. லினக்ஸின் மூலநிரல் எழுத்தில் நின்றது. அதனைப் பகிரும் உரிமையும் 1992இல் உரிமப் பத்திரமாக உறுதிபெற்றது. ஆதலின் அது தலைமுறை கடந்து வளர்ந்தது. சாவகச்சேரியின் நுட்பமோ பெரிதும் கையிலும் வாயிலும் வாழ்ந்தது. 2000ஆம் ஆண்டுப் போரில் அவ்வூர் பெரும் அழிவுற்றது. பின்னர் அமைதி வந்தது, மின்சாரமும் வந்தது. டைனமோ வானொலி மௌனமாயிற்று.

தேவை தீர்ந்தபின் கருவி ஓய்வது இயல்பே. அதனை ஆக்கிய அறிவும் உடன் மறைவதுதான் இழப்பு. அன்று மிதித்த கால்கள் இன்று முதுமையை நெருங்குகின்றன. அவர்கள் அறிந்ததை அவர்கள் இருக்கும்போதே எழுதிவைத்தல், அயலவருக்குத் திறந்து காட்டிய அந்தப் பண்பைப் பின்வருவோருக்கும் நீட்டுவதாகும்.