இழுத்துப் போகும் வீடு, ஏற்றிப் போகும் வீடு

கேரவன் என்றால் எங்கள் ஊரில் நடிகர்கள் மேக்கப் போட்டுக்கொள்ளும் ஏசி வண்டி. அதில் ஒரு குடும்பம் பத்து நாள் குடியிருந்து கடலோரம் சுற்றும் என்றால் உளுந்தூர்பேட்டையில் சிரிப்பார்கள். கேரளம் 2021இல் அதற்கென்று ஒரு சுற்றுலாக் கொள்கையே அறிவித்தது. அந்தக் கேரள வண்டியில் நான் ஏறியதில்லை. நான் ஏறியது 2024 ஏப்ரலில், பிரிஸ்பேனில் இருக்கும் அத்தை மகன் வாடகைக்கு எடுத்ததில். மறு வருஷம் மே மாதம் பெரியம்மா தலைமையில் பத்தொன்பது பேர் வேன் பிடித்து ராமேஸ்வரம் போனோம். இரண்டுமே குடும்பத்தோடு கடலுக்கும் தீவுக்கும் போன பயணம்தான்.

அத்தை மகன் காருக்குப் பின்னால் கொக்கி மாட்டி இழுத்தது ஒரு வெள்ளைப் பெட்டி. உள்ளே கட்டில், அடுப்பு, ஃபிரிட்ஜ், இறக்கினால் படுக்கையாகிவிடும் சாப்பாட்டு மேசை, திரும்பினால் முழங்கை இடிக்கும் கழிப்பறை. பிரிஸ்பேனிலிருந்து ஏர்லி பீச் என்ற கடற்கரை ஊருக்கு 1,100 கிலோமீட்டர். அவன், அவன் மனைவி, இரண்டு பிள்ளைகள், விருந்தாளியாக நான். இரவு தங்க கேரவன் பார்க்கில் முன்பதிவு செய்திருக்க வேண்டும். எண் போட்ட மனையில் வண்டியை விட்டு, மட்டம் பார்த்துக் காலூன்றி, கரண்ட் வயரும் தண்ணீர்க் குழாயும் சொருகி முடிக்க அரை மணி நேரம். பக்கத்து மனைக்காரர் கையசைப்பார். எந்த ஊர் என்று கேட்க மாட்டார்.

கழிப்பறைக்கு அடியில் ஒரு தொட்டி. சூட்கேஸ் மாதிரி சக்கரமும் கைப்பிடியும் உண்டு. தினம் காலையில் அதை உருவி, பார்க்கின் கோடியில் இருக்கும் குழி வரைக்கும் உருட்டிப் போய்க் கொட்டி, அலசி, மருந்து ஊற்றி, திரும்பச் செருக வேண்டும். அத்தை மகன் செய்தான். ஊரில் சாப்பிட்ட தட்டை எடுத்து வைக்காதவன். அவனுக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரத் தாத்தா தன் தொட்டியோடு நின்று மழை வருமா என்று பேசிக்கொண்டிருந்தார். மனிதக் கழிவை மனிதன் அள்ளக் கூடாது என்று நம் நாட்டில் 1993இல் ஒரு சட்டம், அது போதாமல் 2013இல் இன்னொரு சட்டம். தொட்டியோடு நின்ற அந்த வரிசை எனக்குத் தீவுகளைவிடப் பெரிய அதிசயமாக இருந்தது. ஆனால் அந்தத் தொட்டியை ஒரு நாளும் நான் தொடவில்லை. விருந்தாளி என்பது நல்ல சாக்கு.

தீவுகளுக்கும் போனோம். விட்சண்டே கூட்டத்தில் 74 தீவுகள். படகில் ஏற்றி, மதியச் சாப்பாடு போட்டு, மாலையில் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். வைட்ஹேவன் கடற்கரை ஏழு கிலோமீட்டர் நீளம், ஏறக்குறைய முழுக்கச் சிலிக்கா மணல். வெயிலிலும் கால் சுடாது. நவம்பர் முதல் மே வரை அந்தக் கடலில் கொடிய ஜெல்லிமீன் உண்டு, நம் மீனவர்கள் சொறி என்பார்களே, அந்த இனம். அதனால் கழுத்திலிருந்து கணுக்கால் வரை இறுக்கமான உடை மாட்டித்தான் இறங்க வேண்டும். கரையில் வினிகர் பாட்டில் தயாராக இருக்கும். “ஊர்ல புடவை கட்டினாக்கூட இவ்வளவு மூடினதில்ல” என்றாள் அத்தை மகன் மனைவி.

வேன் கதை வேறு. உளுந்தாண்டார் கோயிலில் கும்பிட்டுவிட்டு, டயரில் எலுமிச்சம்பழம் நசுக்கி, விடியற்காலை மூன்றரைக்குக் கிளம்பினோம். மிளகு மூட்டையை உளுந்து என்று பொய் சொன்ன வியாபாரிக்கு அது உளுந்தாகவே மாறிப்போன கோயில் அது. ஊர்ப் பேரே அதனால்தான் என்பார்கள். புளியோதரைத் தூக்கு, சின்ன சிலிண்டர், இட்லிப் பானை, பாய், போர்வை எல்லாம் ஏறின. கட்டிலும் கழிப்பறையும் ஏறவில்லை. பெரியம்மா முந்தின நாள் ராத்திரியே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார். வேனில் இருந்த பெண்கள் எல்லாரும் அப்படித்தான். யாரும் யாருக்கும் சொல்லித்தரவில்லை.

தேவகோட்டை தாண்டி ஒரு பம்ப்செட் ஓடிக்கொண்டிருந்தது. டிரைவர் இறங்கிப் போய் ஒரு வார்த்தை கேட்டார், அவ்வளவுதான். குளித்தோம், சமைத்தோம். ஊர்ப் பேரைக் கேட்டு, “பஸ்ஸுல போவும்போது டீ குடிக்கிற ஊர்தானே?” என்ற தோட்டக்காரர் இரண்டு தேங்காய் கொடுத்தார். கேரவன் பார்க் எதிலும் கிடைக்காதது இது என்று அப்போது பெருமையாக நினைத்துக்கொண்டேன். பெண்கள் வேலியோரத்தில் மறைப்புக்குப் போர்வை பிடித்து நின்றதைப் பிறகுதான் கவனித்தேன்.

பாம்பனில் புது ரயில் பாலம் திறந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. 1914இன் பழைய பாலம் பக்கத்திலேயே நின்றது. 1988இல் திறந்த சாலைப் பாலத்தில் வேன் ஏறியதும் எல்லாத் தலையும் ஜன்னலுக்கு வெளியே. அதோடு சரி. பெரியம்மா இரண்டு நாள் அந்தத் தீவில் இருந்தார். தீவு என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. அவருக்கு அது அக்னி தீர்த்தம், 22 கிணற்றுத் தண்ணீர், பெரியப்பாவுக்குத் தர்ப்பணம். மன்னார் வளைகுடாவில் 1986 முதல் தேசியப் பூங்காவாக இருக்கும் 21 தீவுகளைப் பற்றி வேனில் ஒருவருக்கும் தெரியாது. வனத்துறை அனுமதி இல்லாமல் போகவும் முடியாது.

தனுஷ்கோடியில் 1964 டிசம்பர் புயல் மிச்சம் வைத்த தேவாலயச் சுவரைத் தொட்டேன். கல் அல்ல, பவளப்பாறை. அந்த 21இல் விலாங்குசல்லி, பூவரசன்பட்டி இரண்டும் முங்கிவிட்டதற்கும் பவளத்தை வெட்டி எடுத்ததைத்தான் காரணமாகச் சொல்கிறார்கள். பிரிஸ்பேன் இருக்கும் குவீன்ஸ்லாந்து மாநிலத்திலும் 1967இல் கரும்புத் தோட்டத்துச் சுண்ணாம்புக்காக எல்லிசன் பாறைத்திட்டை வெட்ட அனுமதி கேட்டார்கள். மக்கள் எதிர்த்துத் தடுத்தார்கள். 1975இல் கடல் பூங்காச் சட்டமே வந்தது. இரண்டு கடலிலும் கடல்பசு மேய்கிறது. பாக் விரிகுடாவில் அதற்கென்று 448 சதுர கிலோமீட்டர் ஒதுக்கியது 2022இல்தான்.

ராத்திரி நாங்கள் சத்திரத்தில் படுத்தோம். டிரைவர் சீட்டை மடக்கி, கொசுவத்தி ஏற்றி, துண்டை ஜன்னலுக்குத் திரையாகக் கட்டி வண்டியிலேயே படுத்தார். எங்கள் வேனைக் கேரவனாகப் பயன்படுத்தியது அவர் ஒருவர்தான்.

திரும்பும் வழியில் ஒரு பெட்ரோல் பங்க். கழிப்பறை வாசலில் பெண்கள் வரிசை நகரவே இல்லை. நேரம் போக்கப் பெரியம்மாவுக்கு ஆஸ்திரேலியப் படங்களைக் காட்டினேன். வெள்ளை மணலைத் தள்ளிவிட்டார். கேரவன் கழிப்பறைப் படத்தில் விரலை வைத்தார்.

“இதை நம்ம வேன்ல வெக்க முடியாதா தம்பி?”

டிரைவர் போனை வாங்கி, அடுத்த படத்தையும் பார்த்தார். அத்தை மகன் தொட்டியை உருட்டிக்கொண்டு போகிற படம்.

“வெக்கலாம்மா. காலையில இத உருட்டிக்கினு போறது யாரு?”

வண்டிக்குள் இருந்த ஆண்கள் எட்டுப் பேரும் ரோட்டைப் பார்த்தோம்.