டேஷ்போர்டுக்குள் ஒரு சத்தம்

மாமா திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கிறார். முப்பது வருஷ உழைப்புக்குப் பிறகு, அறுபது வயதை நெருங்கும்போது ஒரு சொகுசு கார் வாங்கினார். எந்த கம்பெனி என்பது இங்கே வேண்டாம். நாலாவது மாசம் டேஷ்போர்டின் இடது பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. பெரிய சத்தமெல்லாம் இல்லை. தீப்பெட்டிக்குள் நாலு குச்சி மட்டும் கிடந்து குலுங்கினால் எப்படி இருக்கும், அப்படி. ஐம்பதில் போனால் வரும், எழுபதில் நின்றுவிடும். வெயிலில் நின்ற வண்டியில் ஏசி போட்டுக் கொஞ்ச நேரம் ஆனதும் திரும்ப வரும்.

ஆறு தடவை சர்வீஸ் சென்டருக்குப் போனார். ஆறு தடவையும் வண்டியைக் கழுவித் துடைத்து, காபி கொடுத்து, 'சத்தம் எதுவும் கண்டறியப்படவில்லை' என்று ஜாப் கார்டில் எழுதிக் கொடுத்தார்கள். கடைசித் தடவை ஒருவர், "ரோடு அப்படி சார்" என்றாராம்.

நான் சாஃப்ட்வேர் எஞ்சினியர். இந்தப் பதில் எனக்கு நன்றாகவே தெரியும். 'என் மெஷின்ல ஓடுதே' என்று சொல்லி எத்தனையோ டிக்கெட்டுகளை மூடியவன். அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவருக்கு அது எப்படிக் கேட்கும் என்று யோசித்ததே இல்லை.

மாமாவால் இதை வெளியே சொல்லவும் முடியவில்லை. சொன்னால் சிரிக்கிறார்கள். இவ்வளவு பெரிய கார் வைத்திருப்பவனுக்கு இது ஒரு கவலையா என்கிறார்கள். ஒருநாள் போனில் பொருமினார். "மாப்ள, நான் அனுப்புற லாட்ல காலர் தையல் விட்டிருந்தா பையர் மொத்தத்தையும் திருப்பி விட்ருவான். டெபிட் நோட்டு போடுவான். 'எங்க கண்ணுக்குத் தெரியலீங்களே'ன்னு நான் என்னைக்காவது சொன்னதுண்டா?"

அந்தக் கேள்விக்காகத்தான் வாரன்டியின் வரலாற்றைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். பாகங்கள், கிலோமீட்டர், வருஷக் கணக்கு என்று போகும் என நினைத்தேன். ஆனால் அறுபது வருஷமாக அங்கே ஒரே சண்டைதான் நடந்திருக்கிறது: ஒரு சத்தம் இருக்கிறதா இல்லையா என்று சொல்லும் உரிமை யாருக்கு?

*

1960-ல் அமெரிக்காவில் இரண்டு விஷயங்கள் நடந்தன. ஒன்று, விளம்பர உலகில் இன்றும் பாடமாக நடத்தப்படும் ஃபோக்ஸ்வாகன் விளம்பரம். டாயில் டேன் பெர்ன்பாக் ஏஜென்சி செய்தது. கறுப்பு வெள்ளையில் ஒரு பீட்டில் கார், கீழே ஒரே வார்த்தை: 'லெமன்'. அமெரிக்கப் பேச்சு வழக்கில், வாங்கியவன் தலையில் கட்டப்பட்ட ஓட்டை வண்டிக்கு அதுதான் பெயர். இந்த வண்டிக்கு என்ன குறை என்று பார்த்தால், உள்ளே கையுறைப் பெட்டியின் குரோம் பட்டையில் ஒரு சின்னக் கறை. அதற்காகவே கப்பலில் ஏற்றாமல் நிறுத்திவிட்டதாக விளம்பரம் சொன்னது. விற்றது மலிவு விலைக் கார். ஆனால் விற்கப் பயன்பட்டது, உங்கள் கண்ணில் படுவதற்கு முன்பே எங்கள் கண்ணில் பட்டுவிடும் என்ற வாக்குறுதி.

இரண்டாவது, அதே வருஷம் நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் சொன்ன 'ஹென்னிங்சன் எதிர் புளூம்ஃபீல்ட் மோட்டார்ஸ்' தீர்ப்பு. 1955-ல் ஒருவர் அன்னையர் தினப் பரிசாகத் தன் மனைவிக்கு ஒரு பிளிமத் கார் வாங்கினார். 468 மைல்தான் ஓடியிருந்தது. மனைவி ஓட்டிக்கொண்டு போகும்போது முன்பக்கம் கீழேயிருந்து ஏதோ முறிவது போல ஒரு சத்தம். ஸ்டியரிங் கையில் சுழன்றது, வண்டி போய்ச் சுவரில் மோதியது. முன்பக்கம் நொறுங்கிப்போனதால் எந்தப் பாகம் முதலில் பழுதானது என்று காட்டவே வழியில்லை. சாட்சி அவர் கேட்ட அந்தச் சத்தம் மட்டும்தான்.

கம்பெனி வாரன்டியை நீட்டியது. ஆர்டர் படிவத்தின் பின்பக்கத்தில், பொடி எழுத்தில் அச்சடித்திருந்தது. 90 நாள் அல்லது 4,000 மைல், எது முந்தியோ அது. கெட்டுப்போன பாகத்தை வாங்கியவரே செலவு செய்து தொழிற்சாலைக்கு அனுப்ப வேண்டும். பழுது உண்மைதான் என்று கம்பெனி திருப்தியடைந்தால் வேறு பாகம் தரும். மற்றபடி எந்தப் பொறுப்பும் கிடையாது. பெரிய கார் கம்பெனிகள் எல்லாம் சங்கம் வைத்து இதே வாசகத்தைத்தான் பயன்படுத்தின. வேறு கடைக்குப் போனாலும் இதே காகிதம்தான்.

உத்தரவாதம் என்ற பெயரில் இருந்தாலும், வாங்கியவரின் உரிமைகளை வெட்டுவதற்காக எழுதப்பட்ட காகிதம் அது. நீதிமன்றம் அதைச் செல்லாது என்று தள்ளியது. எந்தப் பாகம் என்று காட்ட முடியாவிட்டாலும், புது வண்டி அப்படி நடந்துகொண்டதே போதுமான சாட்சி என்று ஏற்றுக்கொண்டது.

*

பத்து வருஷம் கழித்து, 1970-ல் ஜார்ஜ் அகர்லாஃப் என்ற இளம் பொருளாதார அறிஞர் 'லெமன்களின் சந்தை' பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். மூன்று ஆய்விதழ்கள் திருப்பி அனுப்பிய கட்டுரை. 2001-ல் அவருக்கு நோபல் கிடைக்க அதுதான் காரணம். விற்பவருக்கு வண்டியைப் பற்றித் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாது. அதனால் நல்ல வண்டிக்கும் சந்தேக விலைதான் கிடைக்கும். நல்ல வண்டி வைத்திருப்பவர் விற்காமல் ஒதுங்குவார், சந்தையில் ஓட்டைகளே மிஞ்சும். இதற்கு அவர் சொன்ன மருந்துகளில் ஒன்று உத்தரவாதம். தெரிந்தவன் தெரியாதவனின் ரிஸ்க்கைத் தன் தோளில் ஏற்றிக்கொள்வது.

சட்டம் மெதுவாகப் பின்னால் வந்தது. 1975-ல் அமெரிக்க மத்திய அரசு, வாரன்டியைப் புரியும் மொழியில் எழுதச் சொல்லி மேக்னசன்-மாஸ் சட்டம் கொண்டுவந்தது. 1982-ல் கனெக்டிகட் மாநிலம் முதல் 'லெமன் சட்ட'த்தை இயற்றியது. ஒரே பழுதுக்கு நாலு முறை வண்டியை விட்டும் சரியாகவில்லை என்றாலோ, மொத்தம் 30 நாள் வண்டி ஒர்க்‌ஷாப்பில் கிடந்தாலோ, அது லெமன். மாற்று வண்டி அல்லது பணம். ஆனால் பழுது வண்டியின் பயன்பாட்டையோ மதிப்பையோ கணிசமாகக் கெடுத்திருக்க வேண்டும். மாமாவின் தீப்பெட்டிச் சத்தம் தடுமாறி நிற்கும் இடம் இந்தக் 'கணிசமாக'தான்.

*

உள்ளறைச் சத்தத்தைப் பற்றிக் கொஞ்சம் எஞ்சினியரிங் பேச வேண்டும். கார் கம்பெனிகளில் இதற்கென்றே தனிக் குழுக்கள் உண்டு. கீச்சென்று வருவது, இரண்டு பரப்புகள் ஒட்டி ஒட்டி வழுக்குவதால். லொடலொட என்று வருவது, ஒரு இடைவெளியில் பாகங்கள் மோதிக்கொள்வதால். டேஷ்போர்டு என்பது ஒரே துண்டு இல்லை. பிளாஸ்டிக், ஃபோம், மரப்பட்டை, அலுமினியம், தோல் என்று ஒவ்வொன்றும் கிளிப்பில் மாட்டியிருக்கிறது. சூட்டில் பிளாஸ்டிக் இரும்பைவிடப் பல மடங்கு விரியும். மே மாச வெயிலில் வெந்த வண்டியில் ஏசி போட்டால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேகத்தில் சுருங்கும். காலையில் இல்லாத இடைவெளி மத்தியானம் பிறக்கும். சர்வீஸ் சென்டரின் நிழலில் நின்ற வண்டியை மெக்கானிக் ஒரு ரவுண்டு ஓட்டினால் சத்தம் எப்படி வரும்?

சொகுசுக் காரில் இது இன்னும் மோசம். 1958-ல் டேவிட் ஓகில்வி எழுதிய ரோல்ஸ் ராய்ஸ் விளம்பரம், ஓடும் வண்டிக்குள் கேட்கும் பெரிய சத்தமே கடிகாரத்தினுடையதுதான் என்று பெருமைப்பட்டது. எஞ்சினை அடக்க அடக்க, மிச்சமிருக்கும் சின்னச் சத்தம் பெரிதாகும். பழைய அம்பாசடரில் இந்தத் தீப்பெட்டி யார் காதிலும் விழுந்திருக்காது.

சரிசெய்யத் தேவையானது பெரும்பாலும் ஒரு துண்டு ஃபெல்ட் டேப். ஆனால் அதை ஒட்ட டேஷ்போர்டைக் கழற்ற வேண்டும், மணிக்கணக்கில் ஆகும். வாரன்டி வேலைக்கு டீலருக்குக் கம்பெனிதான் கூலி தருகிறது, அதுவும் வேலைக்கு இத்தனை மணி நேரம் என்ற அட்டவணைப்படி. தேடிய நேரத்துக்கு முழுக் கூலி வருவது அரிது. ஆக, சத்தம் காதில் விழாமல் இருப்பதே டீலருக்கு லாபம். அந்த மெக்கானிக் பொய் சொல்கிறார் என்றில்லை. கேட்பதற்கு அவருக்கு யாரும் சம்பளம் தரவில்லை.

இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டவர்களும் உண்டு. வால்நட் மரமும் தோலும் இழைத்த ஜாகுவார் கார்கள், எழுபதுகளில் பழுதுக்குப் பேர் போனவை. 1980-ல் பொறுப்பேற்ற ஜான் ஈகன் பார்த்தபோது, பழுதுகளில் பெரும்பங்கு வெளியிலிருந்து வாங்கிய பாகங்களில் இருந்தது. உன் பாகம் கெட்டால் வாரன்டி செலவு உன்னுடையது என்று சப்ளையர்களிடம் சொன்னார். மாமாவின் டெபிட் நோட்டேதான்.

*

1989 டிசம்பருக்கும் 1990 ஜனவரிக்கும் இடையே, சில வார வித்தியாசத்தில் நடந்த இரண்டு சம்பவங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கப் பிடிக்கும் எனக்கு.

1983-ல் டொயோட்டா தலைவர் எய்ஜி டொயோடா, உலகின் சிறந்த கார்களோடு மோதும் ஒரு சொகுசுக் காரை நம்மால் செய்ய முடியுமா என்று கேட்டார். ஆறு வருஷம் கழித்து, 1989 செப்டம்பரில் லெக்சஸ் எல்எஸ் 400 அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. மூன்றே மாதத்தில் இடி. பின் கண்ணாடி அருகே இருந்த பிரேக் விளக்கின் சூட்டில் அதன் பிளாஸ்டிக் கூடு உருகியது, வயரிங்கில் ஒரு குறை, க்ரூஸ் கண்ட்ரோலில் ஒரு கோளாறு. வந்த புகார்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவை. புதுப் பெயர். சத்தம் போடாமல் இருந்திருக்கலாம். ஆனால் விற்ற சுமார் 8,000 கார்களையும் ரீகால் செய்தார்கள். வீட்டுக்கே வந்து வண்டியை எடுத்துப் போய், சரிசெய்து, கழுவி, பெட்ரோல் நிரப்பித் திருப்பிக் கொடுத்தார்கள். டீலர் இல்லாத ஊர்களுக்கு ஆட்களை விமானத்தில் அனுப்பி, வாடகைக்கு ஷெட் பிடித்து வேலை பார்த்தார்கள். மூன்று வாரத்துக்குள் முடிந்தது. லெக்சஸ் என்ற பெயர் அமெரிக்காவில் வேர் பிடித்ததே அந்த ரீகாலில்தான் என்பார்கள்.

அடுத்த மாதம், அலபாமாவின் பர்மிங்ஹாம் நகரில் கோர் என்ற டாக்டர் 40,750 டாலருக்கு ஒரு புது கறுப்பு பிஎம்டபிள்யூ வாங்கினார். ஒன்பது மாதம் எந்தக் குறையும் தெரியவில்லை. இன்னும் பளபளப்பாக்கலாம் என்று ஒரு பாலிஷ் கடைக்குக் கொண்டுபோனார். கடைக்காரர், இது மறுபடி பெயின்ட் அடித்த வண்டி என்று கண்டுபிடித்துவிட்டார். ஜெர்மனியிலிருந்து வரும் வழியில் அமில மழையில் நிறம் கெட்டிருக்கிறது. அமெரிக்காவில் 601 டாலர் செலவில் பெயின்ட் அடித்துப் புதிதாக விற்றிருக்கிறார்கள். சரிசெய்யும் செலவு கார் விலையில் 3 சதவீதத்துக்குள் இருந்தால் டீலரிடம்கூடச் சொல்வதில்லை என்பது 1983-லிருந்து அவர்கள் கொள்கை.

ஜூரி, கார் மதிப்பு குறைந்ததற்கு 4,000 டாலரும் தண்டனையாக 40 லட்சம் டாலரும் போட்டது. மாநில நீதிமன்றம் அதைப் பாதியாக்கியது. 1996-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், நஷ்டத்தைப் போல 500 மடங்கு தண்டனை அதிகப்படி என்று 5-4 கணக்கில் ரத்து செய்தது. கடைசியில் 50,000 டாலரில் நின்றது. சட்ட மாணவர்கள் இதை அபராதத்துக்கு வரம்பு விதித்த வழக்காகப் படிப்பார்கள். எனக்கு அதில் வேறொரு வரி முக்கியம். ஜூரியின் தீர்ப்பு வந்த உடனே, எவ்வளவு சின்ன ரிப்பேராக இருந்தாலும் வாங்குபவரிடம் சொல்லிவிடுவது என்று கம்பெனி நாடு முழுக்கக் கொள்கையை மாற்றியது.

*

இந்தியாவில் லெமன் சட்டம் கிடையாது. 1986-ன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வழி திறந்தது. 2019-ன் புதுச் சட்டம் தயாரிப்பாளரின் பொறுப்புக்கென்று தனி அத்தியாயமே வைத்திருக்கிறது. ஆனால் 2006-ல் ஒரு மாருதி வழக்கில் உச்ச நீதிமன்றம், வாரன்டி பழுதான பாகத்தை மாற்றித் தரத்தான், வண்டியையே மாற்ற அல்ல என்று சொல்லிவிட்டது. இன்னொரு வழக்கில் ஒரு நிறுவனம், தான் வாங்கிய மெர்சிடிஸ் காரின் உள்ளே நடுமேடு தாங்க முடியாமல் சூடாகிறது என்று புகார் சொன்னது. தேசிய ஆணையம் 2007-ல் புகாரை ஏற்று உத்தரவிட்டது. உச்ச நீதிமன்றம் புகார்தாரருக்குப் பணம் கிடைக்கச் செய்து முடித்து வைத்தது 2024-ல். 17 வருஷம். அதற்குள் அந்த வண்டியே பழசாகிவிட்டது.

மாமா வழக்குக்குப் போகவில்லை. "பனியனை விட்டுட்டு நான் கோர்ட்டுக்கு அலையறதா?" என்று விட்டுவிட்டார். வாரன்டி முடிய இரண்டு மாசம் இருந்தபோது ஏழாவது தடவை போனார். இந்தத் தடவை சாவியைக் கொடுக்கவில்லை. அங்கே புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பையனைப் பக்கத்தில் உட்கார வைத்து, மத்தியான வெயிலில் அவிநாசி ரோட்டில் முப்பது கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறார். ரேடியோ போடவில்லை, பேசவில்லை. ஒரு பாலம் இறங்கும்போது அந்தப் பையன் கையைக் காட்டி, கையுறைப் பெட்டி மேல் காதை வைத்துக் கேட்டிருக்கிறான்.

அன்று ராத்திரி போன் வந்தது. சரியாகிவிட்டதா என்று கேட்டேன். "இல்ல மாப்ள, திங்கக்கெழம கழட்டிப் பாக்கறேன்னுருக்கான்" என்றார். ஆனால் குரலில் அத்தனை சந்தோஷம்.

"அவனுக்குக் கேட்ருச்சு."