இலேசான துப்பாக்கியும் நியூட்டனின் கணக்கும்

நாள் முழுவதும் உடன் கொண்டு செல்லும் பொருள் சிறியதாகவும் எடை குறைந்ததாகவும் இருக்க வேண்டும் என்று மனிதன் விரும்புவது இயல்பு. கடிகாரம் சுவரிலிருந்து சட்டைப் பைக்கும், பையிலிருந்து மணிக்கட்டுக்கும் வந்தது இப்படித்தான். தற்காப்புக்கெனக் கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ள விரும்பியவர்களும் இதையே கேட்டார்கள். கடிகாரத்தின் எடையைப் பாதியாக்கினால் அதைக் கட்டியிருப்பவருக்கு எந்த நட்டமும் இல்லை. துப்பாக்கியின் எடையைப் பாதியாக்கினாலோ, சுமக்கும்போது கிடைத்த சுகத்துக்குச் சுடும்போது விலை கொடுக்க வேண்டும். அந்த விலை எவ்வளவு? அதைக் குறைக்க என்னென்ன செய்து பார்த்தார்கள்? இக்கட்டுரையில் காண்போம்.

ஒரே ஒரு குண்டு

ஹென்றி டெரிஞ்சர் (1786–1868) என்பவர் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் துப்பாக்கி செய்து வந்தார். உள்ளங்கையில் அடங்கும் அவருடைய குட்டித் துப்பாக்கிகள் பெரும் புகழ் பெற்றன. மற்றவர்களும் அதே போலச் செய்து விற்கத் தொடங்கவே, அவருடைய பெயரே அந்த வகைக்கு ஆகிவிட்டது.

இவற்றில் ஒன்று உலக வரலாற்றில் இடம்பெற்றுவிட்டது. 1865 ஏப்ரல் 14 அன்று வாஷிங்டனில் நாடக அரங்கில் ஆபிரகாம் லிங்கனைச் சுட ஜான் வில்க்ஸ் பூத் பயன்படுத்தியது டெரிஞ்சர் செய்த துப்பாக்கியே. அதன் நீளம் ஏறத்தாழ 6 அங்குலம். எடை சுமார் 8 அவுன்ஸ், அதாவது கால் கிலோவுக்கும் குறைவு. அதில் ஒரு முறைதான் சுட முடியும். ஆகவே பூத் ஒரு கத்தியையும் கொண்டு வந்திருந்தான். தன்னைப் பிடிக்க வந்த மேஜர் ராத்போனை அந்தக் கத்தியால்தான் குத்தினான். சிறுமைக்காகக் கொடுத்த முதல் விலை, குண்டுகளின் எண்ணிக்கை என்பது இதிலிருந்து விளங்கும்.

இக்குறை உலோக உறையுள்ள தோட்டாவால் நீங்கியது. குண்டு, மருந்து, பற்றவைக்கும் பொருள் ஆகிய மூன்றையும் ஒரே உறையில் அடக்கியதே இத்தோட்டா. 1857 இல் ஸ்மித் அண்டு வெஸ்ஸன் நிறுவனம் ஏழு தோட்டாக்கள் கொள்ளும் சிறிய சுழல் துப்பாக்கியை வெளியிட்டது. சுழலும் உருளையில் முன்னிருந்து பின்வரை துளையிடும் முறைக்கு ரோலின் ஒயிட் என்பவர் 1855 இல் காப்புரிமை பெற்றிருந்தார். அவருக்குத் துப்பாக்கி ஒன்றுக்கு 25 சென்ட் கொடுத்து அந்த உரிமையை நிறுவனம் பெற்றது.

நிறையே பூட்டு

1884 இல் பிரான்சில் பால் வியேய் புகையில்லா வெடிமருந்தைக் கண்டுபிடித்தார். பழைய கருமருந்து ஒவ்வொரு முறையும் கரியை மிச்சம் வைக்கும். நுட்பமான பொறியமைப்பு அதில் சிக்கிக்கொள்ளும். புதிய மருந்தில் அத்தொல்லை குறைவு. ஆகவே தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கி நடைமுறைக்கு வந்தது.

இத்துறையில் முதன்மையானவர் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த ஜான் பிரௌனிங் (1855–1926). பெல்ஜியத்தின் எஃப்.என். நிறுவனத்துக்காக அவர் அமைத்த 1900 ஆம் ஆண்டு மாதிரி, தட்டையாகப் பைக்குள் நழுவக்கூடியது. குழலின் மேல் முன்பின்னாக நகரும் ஓர் எஃகுப் பகுதி அதில் உண்டு. குண்டு முன்னே பாயும்போது தோட்டாவின் உறை அந்த எஃகுப் பகுதியைப் பின்னே தள்ளுகிறது. அது சற்றுக் கனமாக இருப்பதால் உடனே நகர்வதில்லை. குண்டு குழலை விட்டு வெளியேறி அழுத்தம் குறைந்த பிறகே திறக்கிறது. வேறு பூட்டு எதுவும் இல்லை, நிலைமமே பூட்டு! இந்த எளிய அமைப்பில் தோட்டாவின் வலிமை கூடக் கூட, நகரும் பகுதியின் நிறையும் கூட வேண்டும் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

அடுத்து பிரௌனிங், கோட்டின் உட்பையில் கொள்ளும் ஒரு துப்பாக்கியை அமைத்தார். 1908 இல் கோல்ட் நிறுவனம் அதை அமெரிக்காவில் விற்கத் தொடங்கியது. எடை சுமார் 370 கிராம். இவ்வளவு குறைக்க முடிந்ததற்குக் காரணம், குண்டையும் குறைத்ததுதான். அதன் குண்டு 3.2 கிராம் எடையே உடையது.

சிறிய துப்பாக்கி தற்காப்புக்கென விற்கப்பட்டாலும் மறைத்து எடுத்துச் செல்வது எல்லாருக்கும் பொதுவான வசதியாயிற்று. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் துப்பாக்கியால்தான். 1914 ஜூன் 28 அன்று சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசர் பெர்டினாண்டைக் கொன்றதும் 1910 ஆம் ஆண்டு பிரௌனிங் மாதிரியே. நியூயார்க் மாநிலம் 1911 இலேயே, மறைக்கத்தக்க துப்பாக்கிக்கு அனுமதி பெற வேண்டும் என்று சட்டம் இயற்றியது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

1950 இல் ஸ்மித் அண்டு வெஸ்ஸன் நிறுவனம் ஐந்து தோட்டாக்கள் கொண்ட ஒரு சிறிய எஃகுச் சுழல் துப்பாக்கியை வெளியிட்டது. எடை சுமார் 550 கிராம். அதில் .38 ஸ்பெஷல் என்னும் தோட்டா பயன்பட்டது. அதன் குண்டு 10.2 கிராம், குட்டையான குழலிலிருந்து விநாடிக்கு 220 மீட்டர் வேகத்தில் புறப்படுவதாகக் கொள்வோம்.

குண்டின் உந்தம் 0.0102 × 220 = 2.24 அலகு. உந்த அழிவின்மை விதிப்படி துப்பாக்கியும் அதே உந்தத்துடன் எதிர்த்திசையில் வர வேண்டும். 2.24 ஐ 0.55 ஆல் வகுத்தால் விநாடிக்கு 4.1 மீட்டர். (வெளியேறும் வாயுவின் உந்தத்தைச் சேர்த்தால் இன்னும் கூடும், அதை இப்போது விட்டுவிடுவோம்.)

1952 இல் அதே நிறுவனம் உடற்கூட்டையும் உருளையையும் அலுமினியக் கலவையில் செய்தது. எடை 305 கிராமாக இறங்கியது. தோட்டா மாறவில்லை, எனவே உந்தமும் அதேதான். ஆனால் துப்பாக்கி பின்னே வரும் வேகம் 7.3 மீட்டர். இயக்க ஆற்றல் 4.6 ஜூலிலிருந்து 8.2 ஜூலாகிறது. வேறு விதமாகச் சொன்னால், எஃகுத் துப்பாக்கி உங்கள் கையைத் தாக்குவது அது 86 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழுவது போல. அலுமினியத் துப்பாக்கி தாக்குவது 2.7 மீட்டர் உயரத்திலிருந்து விழுவது போல.

உடைந்த உருளைகள்

எஃகின் அடர்த்தி 7.8, அலுமினியத்தின் அடர்த்தி 2.7. எடை குறைவது சரி, வலிமை? .38 ஸ்பெஷல் தோட்டா வெடிக்கும்போது உருளையின் அறைக்குள் 1,100 வளிமண்டலத்துக்கும் மேற்பட்ட அழுத்தம் உண்டாகிறது. மேலும் எஃகு ஒரு வரம்புக்கு உட்பட்ட பளுவை எத்தனை முறையும் தாங்கும். அலுமினியத்துக்கு அத்தகைய திட்டமான வரம்பு கிடையாது. திரும்பத் திரும்பப் பளு ஏற்றினால் களைத்து விரிசல் விடும்.

விமானம் ஓட்டுபவர்களுக்கு ஒவ்வோர் அவுன்சும் சுமை. ஆகவே அமெரிக்க விமானப்படை 1950களின் தொடக்கத்தில் அலுமினிய உருளை கொண்ட துப்பாக்கிகளை வாங்கியது. அவை தாங்காது என்று தெரிந்ததும் வலிமை குறைந்த தனித் தோட்டா செய்யப்பட்டது. அப்படியும் நம்பிக்கை வரவில்லை. பின்னர் அவற்றைத் திரும்பப் பெற்றுப் பெரும்பாலானவற்றை அழித்துவிட்டார்கள். ஸ்மித் அண்டு வெஸ்ஸனும் 1954 வாக்கில் எஃகு உருளைக்கே திரும்பியது. உடற்கூடு மட்டும் அலுமினியமாக நீடித்தது.

உலோகவியல் வென்றது, கை வெல்லவில்லை

வலிமைக் குறையை இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் உலோகவியல் தீர்த்தது. அலுமினியத்தில் சிறிதளவு ஸ்காண்டியம் சேர்த்த உடற்கூடும், டைட்டானிய உருளையும் வந்தன. 330 கிராம் எடைத் துப்பாக்கியில் .357 மேக்னம் என்னும் பலத்த தோட்டாவையும் சுட முடிந்தது. 10.2 கிராம் குண்டு 320 மீட்டர் வேகத்தில் செல்வதாகக் கொண்டால், துப்பாக்கி விநாடிக்கு 9.9 மீட்டர் வேகத்தில் பின்னே வரும். ஐந்து மீட்டர் உயரத்திலிருந்து அது உள்ளங்கையில் விழுவதற்கு ஒப்பு! ஆற்றல் 16 ஜூல். எஃகுத் துப்பாக்கியைப் போல மூன்றரை மடங்கு.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. டம்ளர் மேல் அட்டை, அட்டை மேல் நாணயம் வைத்து, அட்டையைச் சுண்டும் சோதனையை நீங்கள் செய்திருப்பீர்கள். அதே போல இலேசான துப்பாக்கி விரைந்து பின்னே வரும்போது, இன்னும் சுடப்படாத தோட்டாக்களின் உறைகள் அதனுடன் வருகின்றன. உறையிலுள்ள கனமான குண்டுகளோ நிலைமத்தால் பின்தங்கி முன்புறம் பிதுங்கிவிடுவதுண்டு. அப்போது உருளை சுழலாமல் சிக்கிக்கொள்ளும்.

நைலான் போன்ற பலபடிப் பொருள்களில் உடற்கூடு செய்யும் முறை 1982 இல் ஆஸ்திரியாவின் குளோக் துப்பாக்கிக்குப் பின் பரவியது. 2008 இல் வந்த ருகர் எல்.சி.பி. சுமார் 270 கிராம்தான். பிரௌனிங்கின் எளிய அமைப்புக்குப் பதிலாகக் குழலும் மேற்பகுதியும் சிறிது நேரம் பூட்டிக்கொள்ளும் அமைப்பு அதில் இருப்பதால், கனமான மேற்பகுதி தேவைப்படவில்லை.

குறி பார்ப்பதிலும் சிறுமைக்கு விலை உண்டு. முன்னும் பின்னும் உள்ள குறிமுனைகள் 10 செ.மீ. இடைவெளியில் இருந்து, 1 மி.மீ. பிசகினால், 7 மீட்டர் தொலைவில் குண்டு 7 செ.மீ. விலகும். அந்த இடைவெளி 60 செ.மீ. உள்ள நீண்ட துப்பாக்கியில் விலகல் 1.2 செ.மீ. மட்டுமே. சுடும்போது கை வலித்தால் பயிற்சியும் குறையும். பயிற்சி குறைந்தவர் கையில் பிசகு கூடும்.

நிர்பீக்

இந்த வரலாறு நம் நாட்டையும் தொட்டிருக்கிறது. 2012 டிசம்பரில் டெல்லியில் ஒரு மாணவிக்கு நேர்ந்த கொடுமைக்குப் பின், 2014 ஜனவரியில் கான்பூரிலுள்ள அரசுப் படைக்கலத் தொழிற்சாலை பெண்களுக்கென ‘நிர்பீக்’ என்னும் சுழல் துப்பாக்கியை அறிமுகப்படுத்தியது. டைட்டானியக் கலவை, எடை சுமார் 500 கிராம், தோட்டா.32 அளவு. 2014 இல் அதன் விலை ஏறத்தாழ ரூ.1.22 இலட்சமாக இருந்தது, 1959 ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமமும் வேண்டும். அரை கிலோ எடையும் மிதமான தோட்டாவும் சேர்வதால், இதன் பின்னுதைப்பு நாம் மேலே கண்டவற்றைவிடக் குறைவு. இயற்பியல் கணக்கில் இது நிதானமான அமைப்பே.

ஆனால் பாதுகாப்பு என்பதை அளக்க உந்தம் மட்டும் போதாது. கலிபோர்னியாவில் 1 கோடியே 76 இலட்சம் பேரைத் தொடர்ந்து கவனித்த ஸ்டான்போர்டு பல்கலைக்கழக ஆய்வு 2022 இல் வெளிவந்தது. கைத்துப்பாக்கி வைத்திருப்பவருடன் ஒரே வீட்டில் வாழ்ந்தவர்கள் கொலையுண்ட வீதம், துப்பாக்கி இல்லாத வீட்டினரைவிட இரு மடங்குக்கும் மேல் இருந்தது. கணவன், மனைவி அல்லது துணைவரால் சுட்டுக் கொல்லப்பட்ட வீதம் ஏழு மடங்கு. அவர்களுள் 84 விழுக்காட்டினர் பெண்கள். இத்தகைய ஆய்வு தொடர்பைக் காட்டுமே தவிர, துப்பாக்கிதான் காரணம் என்று முழுதாக நிறுவாது. எனினும் இந்த எண்களை ஒதுக்கிவிட முடியாது. தாக்குபவன் தெருவில் இருப்பான் என்று எண்ணித்தான் பைக்குள் அடங்கும் ஆயுதத்தைத் தேடினார்கள். பல பெண்களுக்கு அவன் வீட்டுக்குள்ளேயே இருக்கிறான். அந்த ஆயுதமும் அவன் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது.

துப்பாக்கியின் நிறை, குண்டின் நிறை, குண்டின் வேகம் ஆகியவற்றைத் தெரிந்தால் பின்னுதைப்பை நீங்களே கணக்கிடலாம். “எடை குறைவு, வலிமை அதிகம்” என்ற விளம்பரத்தை எங்கேனும் கண்டால், அந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். “வீட்டுக்குப் பாதுகாப்பு” என்றும் அதில் சேர்த்திருந்தால், 2022 ஆம் ஆண்டின் கணக்கையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.