வெளிவராத எண்களும் தொலைந்த எண்களும்: தமிழ்ச் சித்திரக்கதை வரிசைகள் பற்றி மும்பையிலிருந்து ஒரு குறிப்பு

இந்திரஜால் காமிக்ஸ் வரிசையை முழுமையாக்க முயன்ற எவரும் 123, 124 என்னும் இரண்டு எண்களில் வந்து தடைப்படுவர். பம்பாயில் டைம்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் 1964 மார்ச்சில் தொடங்கி 1990 வரை நடத்திய அவ்வரிசைக்கு 805 இதழ்கள் திட்டமிடப்பட்டன, வெளிவந்தவை 803. நிறுவனத்தில் நிகழ்ந்த வேலைநிறுத்தத்தால் அவ்விரு இதழ்களும் அச்சேறவே இல்லை. இதை அறியாதவர் நடைபாதைக் கடைகளில் ஆண்டுக்கணக்கில் அவற்றைத் தேடிக்கொண்டிருக்கலாம். அறிந்தவர் தம் பட்டியலில் அவ்விரு கட்டங்களின் மீதும் கோடிழுத்துவிட்டு 125க்குச் செல்வார்.

அந்தக் கோட்டை இழுப்பதற்கான அறிவு எளிதில் கிட்டுவதன்று. ஓர் எண் பட்டியலில் காலியாக இருப்பதற்கு, அது வெளிவராமல் போனது காரணமாகலாம். வெளிவந்து, ஒரு பிரதிகூட மிஞ்சாமல் அழிந்ததும் காரணமாகலாம். பதிப்பு வரலாற்றில் இவ்விரண்டும் முற்றிலும் வேறான செய்திகள். தமிழ்ச் சித்திரக்கதைகளைப் பொறுத்தவரை இவ்வேறுபாட்டை நிறுவும் பணியைப் பல்கலைக்கழகங்கள் செய்யவில்லை. பழைய இதழ் சேகரிப்போர் செய்தார்கள். அவர்களது பட்டியல்களை நாம் ஆய்வேடுகளில் பயன்படுத்துகிறோம். பட்டியல் எவ்வாறு உருவானது என்று மட்டும் கேட்பதில்லை.

பம்பாயிலேயே இன்னொரு சான்று உண்டு. இந்திரஜாலின் தொடக்கக் காலத்தில் டைம்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய அனந்த் பை, 1967இல் இந்தியா புக் ஹவுஸ் வழியாக அமர் சித்திரக் கதையைத் தொடங்கினார். அவ்வரிசையின் இந்தியக் கதைகள் 11ஆம் எண்ணாகிய ‘கிருஷ்ணா’விலிருந்துதான் தொடங்குகின்றன. முதற்பத்து எண்களும் மேலைநாட்டுத் தேவதைக் கதைகளுக்கு உரியவை. இந்தியப் புராணங்களைச் சொல்வதற்கென்றே பிறந்ததாக நாம் நினைவுகூரும் ஒரு வரிசை, சின்ட்ரெல்லா போன்ற கதைகளைத் தாண்டித்தான் கிருஷ்ணனிடம் வந்து சேர்ந்தது என்பதை எண்வரிசை மறைக்காமல் வைத்திருக்கிறது. 11இலிருந்து அடுக்கி நிறைவடைந்துவிடும் சேகரிப்பாளருக்கு இச்செய்தி கிட்டாது. 1 முதல் 10 வரை எங்கே என்று நச்சரிப்பவருக்கே கிட்டும்.

தமிழுக்கு வருவோம். நம் சித்திரக்கதை வரலாறு பெரும்பாலும் சிவகாசியில் தொடங்குவதாகச் சொல்லப்படுகிறது. மு. சௌந்தரபாண்டியன் பதிப்பாளராகவும் முல்லை தங்கராசன் ஆசிரியராகவும் இருந்து 1972இல் முத்து காமிக்ஸைத் தொடங்கினர். முதல் இதழ் ‘இரும்புக்கை மாயாவி’. 1984 ஜூலையில் சௌந்தரபாண்டியனின் மகன் எஸ். விஜயன், இருபது வயதைக்கூட எட்டாத நிலையில், மாடஸ்டி பிளைசியின் கதையோடு லயன் காமிக்ஸைத் தொடங்கினார். அதே மாதம் தினத்தந்தி குழுமத்தின் ராணி காமிக்ஸ் ஒன்றரை ரூபாய் விலையில், மாதம் இருமுறை வெளிவரலாயிற்று. 2005இல் 500 இதழ்களோடு நின்றது. மாதம் இரண்டு என்ற கணக்கில் 500 இதழ்களுக்கு இருபது ஆண்டும் பத்து மாதமும் ஆகும். 1984 ஜூலையோடு கூட்டிப் பார்த்தால் கணக்கு 2005இன் நடுப்பகுதியை ஒட்டி நேராக வந்து விழுகிறது. அதாவது ராணி வரிசையில் காலியாகத் தெரியும் எண் ஏறக்குறைய எப்போதும் தொலைந்த எண்ணே. வெளிவராத எண்ணாக இருக்க வாய்ப்புக் குறைவு. லயன், முத்து வரிசைகளில் இந்த உறுதி கிடையாது. கோடை மலர், தீபாவளி மலர், திகில், மினி லயன், ஜூனியர் லயன் எனக் கிளைத்த வரிசைகளும், பிற்காலத்தில் தள்ளித் தள்ளி வந்த இதழ்களும், விளம்பரத்தில் மட்டும் தலைகாட்டிய தலைப்புகளும் அங்கே கணக்கைக் குழப்புகின்றன.

ஆனால் சிவகாசிக்கு முன்னரே ஒரு பம்பாய் அத்தியாயம் இருக்கிறது. இந்திரஜால் காமிக்ஸ் 1960களிலேயே ஆங்கிலம், இந்தி, மராத்தி ஆகியவற்றோடு தமிழிலும் வெளிவந்தது. தமிழ்ப் பதிப்பு நீடிக்கவில்லை. இன்று சேகரிப்பாளரிடையே மிக அரிதான தமிழ் இதழ்கள் எவை என்று கேட்டால் முதலில் வரும் விடைகளுள் ஒன்று இதுவே. தமிழ்ச் சித்திரக்கதையின் தொடக்க ஆண்டாக 1972ஐக் குறிக்கும் பழக்கம், பிரதி கிடைக்கும் இடத்திலிருந்து வரலாற்றைத் தொடங்கும் பழக்கமே. சிவகாசி இதழ்கள் மிஞ்சின, பம்பாய்த் தமிழ் இதழ்கள் மிஞ்சவில்லை என்பது பாதுகாப்பின் வரலாறு. அதைத் தோற்றத்தின் வரலாறாக நாம் படித்துவிடுகிறோம்.

மொழியியல் பயின்றவன் என்ற முறையில் இங்கே சிறிது விலகிச் செல்ல அனுமதிக்க வேண்டும். லீ ஃபாக் 1936இல் படைத்த ஃபாண்டம் வாழும் நாட்டின் பெயர் மூலத்தில் ‘பெங்காலா’. வங்காளத்தோடு குழம்பும் என்பதால் இந்திரஜால் அதை ‘டெங்காலி’ ஆக்கியது. ஃபாண்டத்தின் தந்தையைக் கொன்ற ‘ராமா’, ‘ராமாலு’ ஆனான். ‘சிங்’ கொள்ளையர் ‘சிங்கா’ ஆயினர். ஒரு கொலைகாரனுக்கு இந்தியக் கடவுளின் பெயரோ, கொள்ளைக் கூட்டத்துக்கு ஒரு சமூகத்தாரின் பெயரோ வரலாகாது என்ற எச்சரிக்கை, ஓரிரு எழுத்து மாற்றத்தில் முடிந்திருக்கிறது. நாயகனின் பெயர் இந்தியில் ‘வேதாள்’ எனவும், சிவகாசித் தமிழில் ‘வேதாளர்’ எனவும் வழங்கியது. விக்கிரமாதித்தன் கதையின் முருங்கைமரத்து வேதாளம் அஃறிணை. அதற்கு மரியாதை விகுதி சேர்த்து உயர்திணைக்கு ஏற்றியவுடன், அச்சந்தரும் ஒன்று வணங்கத்தக்க ஒருவராகிவிடுகிறது. ராணி காமிக்ஸோ அதே நாயகனை ‘முகமூடி வீரர் மாயாவி’ என்றது. முத்துவின் வாசகருக்கு மாயாவி என்றால் வேறொருவர்: பிரிட்டனின் ‘வேலியன்ட்’ இதழில் 1962இல் தோன்றிய, மின்சாரம் பாய்ந்ததும் எஃகுக் கை மட்டும் தெரிய உடல் மறையும் லூயிஸ் கிராண்டெல். சொற்பொருளை நோக்கினால் மறைபவனுக்கே ‘மாயாவி’ பொருந்தும். ஃபாண்டம் மறைவதில்லை, இறவாதவர் என்ற புகழில் வாழ்கிறார். ஆகவே ‘மாயாவி கதைகள்’ என்று மட்டும் தலைப்பிட்ட ஒரு பட்டியல் கையில் கிடைத்தால், அதை எழுதியவர் முத்து வாசகரா ராணி வாசகரா என்பதை முதலில் கண்டறிந்தாக வேண்டும்.

நெருளில் நான் பார்த்த ஒரு பட்டியலில் இச்சிக்கலுக்குத் தெளிவான தீர்வு இருந்தது: ‘இ. மாயாவி’, ‘மு. மாயாவி’. பழைய கணக்குப் பேரேடு ஒன்றில் எழுதப்பட்ட பட்டியல் அது. உடைமையாளர் தாராவியில் வளர்ந்தவர். ஹார்பர் வழித்தட ரயில் 1992இல் தாணே கழிமுகத்தைக் கடந்து வாஷிக்கும், தொடர்ந்து நெருளுக்கும் வந்தபின் நவி மும்பைக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பங்களுள் ஒன்று அவருடையது. பேரேட்டில் ராணியின் எண்கள் 1 முதல் 500 வரை கட்டங்களாக நிற்கின்றன. ஒவ்வொன்றின் எதிரிலும் சுருக்கக் குறிகள்: ‘அ.இ.’ என்றால் அட்டை இல்லை, ‘ந.இ.’ என்றால் நடுத்தாள் இல்லை, ‘பை.’ என்றால் பைண்டு செய்தது. கடைசிப் பத்தியில், இதழ் கிடைத்த இடம். கிங்ஸ் சர்க்கிள் நடைபாதை, தாதர், திருநெல்வேலி ஜங்ஷன், செம்பூரில் வீடு காலி செய்த ஓர் உறவினர் என அது நீளுகிறது. அவர் இதைத் தமக்காக எழுதினார். ஆய்வாளன் கண்ணுக்கோ அது மும்பைத் தமிழரிடையே அச்சுப் பண்டங்கள் எவ்வழியே வந்து எவ்வழியே கைமாறின என்பதற்கான ஆவணம்.

அப்பேரேட்டில் என்னை மிகவும் ஈர்த்தது, அட்டையற்ற இதழ்களுக்கு அவர் எண் கண்டுபிடித்த முறை. இதழ்களைப் பத்துப் பத்தாகச் சேர்த்துப் பைண்டு செய்வோர் அட்டையைக் கிழித்து, ஓரத்தையும் வெட்டிவிடுவர், எண் போய்விடும். கதையின் தலைப்பு மட்டும் போதாது, மறுபதிப்புகள் உண்டு. எனவே அவர் ‘அடுத்த இதழ்’ அறிவிப்பைப் பார்த்தார். ஓர் இதழின் அறிவிப்பு அடுத்ததன் தலைப்பைத் தருவதால், எண் தெரிந்த ஓர் இதழிலிருந்து சங்கிலிபோல முன்னும் பின்னும் நகர முடியும். சங்கிலி அறும் இடத்தில் விலை உதவும். விலை ஏறிய பின் வந்த இதழ், ஏறுவதற்கு முந்தைய எண்ணைப் பெற இயலாது. அதற்கும் மேல் வாசகர் கடிதங்கள்: எந்தக் கதையைப் பாராட்டி எழுதியிருக்கிறார்கள் என்பதிலிருந்து, அது எத்தனை இதழ்களுக்கு முன் வந்தது என்று ஊகிக்கலாம். நாள் குறிக்காத கல்வெட்டுகளை எழுத்தமைதியும் அரசர் பெயரும் கொண்டு வரிசைப்படுத்துவதற்கும் இதற்கும் முறையியல் அளவில் பெரிய வேறுபாடு எனக்குத் தெரியவில்லை. முன்னதற்குத் துறைகள் இருக்கின்றன. பின்னது பொழுதுபோக்கு எனப்படுகிறது.

மறுபதிப்புகள் வந்தபின் பழைய இதழ் எதற்கு என்று கேட்போர் உண்டு. 2012 ஜனவரியில் ‘லயன் கம்பேக் ஸ்பெஷ’லோடு சிவகாசி வரிசைகள் மீண்டெழுந்தன; பிரெஞ்சு-பெல்ஜியத் தொடரான ‘இரத்தப் படலம்’ 2010இல் கறுப்பு வெள்ளையில் ஒரே பெருந்தொகுப்பாகவும், 2018இல் வண்ணத்திலும் வந்தது. வாசகருக்கு இவை பெரும் பேறு. கதையைப் படிக்க விரும்புபவர் சாணித்தாளில் மங்கிய பிரதிக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கத் தேவையில்லை. ஆனால் மறுபதிப்பு கதையை மட்டுமே மீட்கிறது. ஆசிரியரின் ‘ஹாட்லைன்’ பகுதி, கடிதங்கள், விளம்பரங்கள், அடுத்த இதழ் அறிவிப்பு ஆகியவை அதில் வருவதில்லை. எண் கண்டுபிடிக்க உதவிய உறுப்புகள் அனைத்தும் இவையே.

சேகரிப்பாளரின் விருப்பங்களோடும் எனக்கு ஒரு பிணக்கு உண்டு. சந்தையில் விலை பெறுவது கறையற்ற, பெயரெழுதாத பிரதி. முதற்பக்கத்தில் சிறுவன் ஒருவன் தன் பெயரும் வகுப்பும் பள்ளியும் எழுதி, ‘இப்புத்தகம் தொலைந்தால்’ என்று தொடங்கிய பிரதி ‘சேதமுற்றது’ ஆகிவிடுகிறது. நல்ல பிரதி கிடைத்தவுடன் பழையது ரத்திக் கடைக்குப் போகிறது. தாராவியின் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளி மாணவன் எதைப் படித்தான் என்பதற்கு அந்தக் கிறுக்கலைவிட நேரடியான சான்று வேறென்ன கிடைக்கும்? வரிசையை முழுமையாக்கும் ஆர்வமே சில வேளைகளில் வாசிப்பின் தடயத்தை அழிக்கிறது. இதைச் சேகரிப்பாளர்களிடமும் சொல்லியிருக்கிறேன். சிலர் சிரித்தனர், ஒருவர் மட்டும் அத்தகைய இரண்டாம் பிரதிகளைத் தனிப் பெட்டியில் வைக்கத் தொடங்கியிருக்கிறார்.

நூலகங்களில் இருக்காதா என்பது நியாயமான வினா. 1954ஆம் ஆண்டு நூல் ஒப்படைப்புச் சட்டமும், பருவ இதழ்களையும் உட்படுத்திய அதன் 1956ஆம் ஆண்டுத் திருத்தமும் கொல்கத்தா, சென்னை, மும்பை, தில்லி ஆகிய நான்கு நகரங்களின் நூலகங்களுக்குப் பிரதி அனுப்பப் பணிக்கின்றன. சட்டப்படி மும்பையிலும் ஒரு முழு வரிசை இருந்திருக்க வேண்டும். என் அனுபவத்தில், நூலக அடுக்குகளைவிட நெருள் அடுக்ககத்தின் கட்டிலடிப் பெட்டிகளே நிறைவானவை. இதில் வியப்பில்லை. கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிவந்த ரோஜா முத்தையா தனியொருவராகத் திரட்டியவைதான், 1992இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் சென்னையில் ஆய்வு நூலகமாயின. தமிழ் அச்சு வரலாற்றின் பெரும்பகுதி தனிமனிதர் வீடுகளின் வழியே நம்மிடம் வந்திருக்கிறது.

அந்த வீடுகள் இப்போது காலியாகின்றன. மறுசீரமைப்புத் திட்டத்தால் தாராவியிலும், பழைய கட்டடங்கள் இடிபடுவதால் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் பரண்கள் இறக்கப்படுகின்றன. இறங்கும் தாள் கிலோக் கணக்கில் எடைபோடப்படுகிறது. எடைத்தட்டில் 1960களின் தமிழ் இந்திரஜால் ஒன்று இருந்தால், அதற்கும் சென்ற மாத நாளிதழுக்கும் ஒரே விலை.

ஆகவே மும்பையிலுள்ள மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ பழைய தமிழ்ச் சித்திரக்கதை இதழ் எதுவாயினும் இருந்தால், விற்பதற்கு முன் ஐந்து படங்கள் எடுங்கள்: முன்னட்டை, பின்னட்டை, பதிப்பு விவரம் உள்ள பக்கம், கடிதப் பக்கம், அடுத்த இதழ் அறிவிப்பு. யாரேனும் பெயர் எழுதியிருந்தால் அதையும் எடுங்கள். பொதுவில் பகிரும்போது அப்பெயரை மறைத்துவிடுங்கள். அட்டை இல்லையென்று ஒதுக்க வேண்டாம். பேரேட்டுக்காரர் அனுமதியோடு அவரது ராணிப் பட்டியலைத் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன். அதில் முப்பதுக்கும் மேற்பட்ட எண்கள் இன்னும் வட்டமிட்டபடி நிற்கின்றன. இந்திரஜாலின் தமிழ் வரிசைக்கு அவர் ஒதுக்கிய பக்கத்தில் தலைப்பும் கட்டங்களும் மட்டுமே உள்ளன.