சுருதி பிறழ்ந்த ஒரு மூலப்படி

'கைண்ட் ஆஃப் புளூ' என்னும் ஜாஸ் இசைத்தட்டு, ஒலித்தெளிவிற்குச் சான்றாக இசையறிந்தோராற் பெரிதும் போற்றப்படுவது. 1959 ஆகஸ்டில் கொலம்பியா நிறுவனத்தார் வெளியிட்ட அத்தட்டின் முதற்பக்கம், முப்பதாண்டிற்கும் மேலாகப் பிழைபட்ட சுருதியிலேயே ஒலித்து வந்தது. பிழையுடைய பாடமே சிறந்த பாடமெனப் புகழ்பெற்ற இவ்வரலாறு, சுவடியாய்வில் தோய்ந்தார்க்கு ஆராயத்தக்கதாம்.

மைல்ஸ் டேவிஸ் குழுவினர் நியூயார்க்கின் கிழக்கு 30ஆம் தெருவிலிருந்த கொலம்பியாவின் ஒலிப்பதிவுக் கூடத்தில் 1959 மார்ச்சு 2, ஏப்ரல் 22 ஆகிய இருநாள்களில் வாசித்தனர். அக்கூடம் முன்னர்க் கிறித்தவத் தேவாலயமாக இருந்தது. உயர்ந்த விதானத்திற் பட்டு மீளும் ஒலி, கருவியிசையோடு கலந்து அதற்கு ஓர் அகலத்தை நல்கிற்று. பிரெட் பிளாட் என்னும் ஒலிப்பதிவாளர் மூன்று தடங்கொண்ட நாடாவில் அதனைப் பதிந்தார். புகழுக்குரிய ஒலிநலத்திற் பெரும்பங்கு அக்கட்டடத்திற்கே உரியது என்பது நம் கருத்து.

முதல்நாளில் இரண்டு நாடாப்பொறிகள் ஒருங்கே இயங்கின. ஒன்று மூலப்படிக்கு, மற்றொன்று காப்புப்படிக்கு. மூலப்படியை ஆக்கிய பொறி உரிய விரைவினும் சற்றே மெதுவாக ஓடிற்று. அவ்வாறு பதிந்த நாடாவைச் சரியான விரைவில் ஓட்டுங்கால் இசை விரையும்; சுருதியும் உயரும். உயர்ந்த அளவு, அடுத்தடுத்த இரு சுரத்தானங்களின் இடைவெளியிற் பாதியையும் எட்டாது. ஆதலின் கேட்டு மகிழ்வார்க்கு அது புலப்படவில்லை. தட்டோடு இயைந்து வாசிக்கப் புகுந்தார்க்கே தம் கருவி ஒவ்வாமை தோன்றியிருத்தல் கூடும். அந்நாளில் வாசித்த மூன்று உருப்படிகளே முதற்பக்கம் முழுவதும் அமைந்தன. இரண்டாம் நாட்பதிவில் இக்குறை இல்லை.

1992ஆம் ஆண்டு மறுபதிப்பிற்குக் காப்புப்படியே கொள்ளப்பட்டது, சுருதியும் செம்மையுற்றது. துணைப்படியென ஒதுக்கப்பட்டிருந்ததே மெய்ப்பாடத்தைக் காத்து நின்றது காண்க. மூலமெனப் பெயர்பெற்றமை ஒன்றே ஒரு படியின் தகுதிக்குச் சான்றாகாது.

எனினும், பழம்பாடத்தைப் பிழையென முற்றும் தள்ளுதலை நாம் உடன்படோம். வாசித்தோர் எழுப்பிய இசை யாதெனின், திருந்திய பதிப்பையே காட்டுதல் வேண்டும். ஒரு தலைமுறையினர் கேட்டுக் கற்ற இசை யாதெனின், 1959ஆம் ஆண்டின் தட்டே சான்று. இரண்டும் வெவ்வேறு வினாக்கள். அம்முதல் அச்சினைத் தேடிப் பெறுவார் இன்றும் உளர்; அவருட் பலர் இச்சுருதி வேறுபாட்டை அறிந்தே தேடுகின்றனர்.