பரவலாக்கப்பட்ட தரவுச் சேமிப்பு

ஒரு கோப்பை ஒரே நிறுவனத்தின் சர்வரில் வைக்காமல், ஒருவரையொருவர் அறியாத பலரின் கணினிகளில் பிரித்து வைத்து, அது அங்கே மாறாமல் இருப்பதைக் கணித முறையில் சரிபார்க்கும் ஏற்பாடு. பலர் பகிர்ந்து வைத்திருக்கும் மின்கணக்கேடான பிளாக்செயின் இதில் பெரும்பாலும் கோப்பைச் சுமப்பதில்லை. யார், எதை, எவ்வளவு காலத்துக்கு, என்ன கூலிக்கு வைத்திருக்க ஒப்புக்கொண்டார் என்ற கணக்கை மட்டுமே சுமக்கிறது. கோப்பு ஓரிடத்திலும் கணக்கு வேறிடத்திலும் இருக்கின்றன என்பதை மறந்தால், இத்துறையின் சேவைகளை ஒப்பிடவே முடியாது.

முன்வரலாறு

பொது ஆவணத்தை யாரும் தனியாகத் திருத்திவிடாதபடி வைக்க வேண்டும் என்ற கவலை பழையது. காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் குடவோலைத் தேர்தலின் விதிகளை ஊர்ச்சபை மண்டபத்தின் சுவரிலேயே பதித்தன. குடும்பு எனப்பட்ட 30 ஊர்ப்பகுதிகளிலிருந்தும் வாரியம் என்ற நிர்வாகக் குழுவுக்கு ஆள் எடுக்கும் முறை அவற்றில் உள்ளது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கு அடுத்த முறை இடமில்லை என்ற விதியும் உள்ளது. விதி எல்லார் கண்ணிலும் படும் இடத்தில் இருந்தது. திருத்தினால் கல்லில் தழும்பு தெரியும்.

ஆனால் கல்லும் ஒற்றைப் பிரதிதான். கோயிலையே பிரித்துக் கட்டும்போது என்ன செய்வது? திருமழபாடிக் கோயிலில் இதற்கான விடை கிடைக்கிறது. அங்கே கருவறையைப் பிரித்துக் கட்டுமுன் பழைய கல்வெட்டுகளையெல்லாம் புத்தகத்தில் படியெடுக்குமாறு முதலாம் ராஜராஜன் ஆணையிட்டான். ராஜேந்திரன் காலத்தில் அவை புதிய சுவரில் மறுபடியும் வெட்டப்பட்டன. தரவு இடம்பெயரும் முன்பே படி எடுக்க வேண்டும் என்ற ஒழுங்கை இவ்வளவு தெளிவாகக் காட்டும் பழைய சான்று தமிழில் வேறு உண்டா என்பது சந்தேகமே.

படி இல்லாதபோது நேர்ந்ததை 1981இல் யாழ்ப்பாணம் கண்டது. பொது நூலகம் எரிக்கப்பட்டதில் சுமார் 97,000 நூல்களும், வேறெங்கும் பிரதி இல்லாத ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. ஈழத்து எழுத்துகளை மின்வடிவில் சேர்த்துவரும் நூலகம் திட்டம் 2005இல் தொடங்கியதன் பின்னால் அந்த நெருப்பின் நினைவு இருக்கிறது.

கணித அடித்தளம்

எந்தக் கோப்பையும் நிலையான நீளமுள்ள ஒரு கைரேகைபோலச் சுருக்குவது ஹாஷ். ராஜகுளம் என்ற ஊரில் ஒரு மாணவியின் வருமானச் சான்றிதழ் மின்கோப்பாக இருப்பதாக வைத்துக்கொள்வோம். எஸ்.எச்.ஏ.-256 முறையில் அதன் ஹாஷ் 64 எழுத்துகள் கொண்ட ஒரு சரம். வருமானத் தொகையில் ஒரு சுழியத்தை யாராவது சேர்த்தால் அந்தச் சரம் முற்றிலும் வேறாகிவிடும். சரத்திலிருந்து சான்றிதழைத் திரும்பப் பெற முடியாது. ஆனால் சான்றிதழ் கையில் இருந்தால், அது அசல்தானா என்று நொடியில் சொல்லலாம். இலட்சக்கணக்கான ஹாஷ்களை ஒரே வேரில் கட்டும் மர அமைப்பை ரால்ஃப் மெர்க்கல் 1979இல் வகுத்தார்.

இன்னொரு தூண் 1960இல் ரீட், சாலமன் இருவரும் தந்த பிழைதிருத்தக் குறிமுறை. இதன்படி ஒரு கோப்பைப் பல துண்டுகளாக்கினால், சில துண்டுகள் தொலைந்தாலும் மிச்சத்திலிருந்து முழுக்கோப்பை மீட்கலாம். குறுந்தகடு கீறல் விழுந்த பின்னும் பாடியது இதனால்தான்.

கோப்பை நேரே பிளாக்செயினில் எழுதலாமே என்ற கேள்வி எப்போதும் எழும். எத்தீரியம் என்ற பிளாக்செயினில் 32 பைட் கொண்ட ஓர் அறையைப் புதிதாக எழுத 20,000 அலகு கட்டணம். ஒருவருக்குப் பணம் அனுப்ப 21,000 அலகுதான். தமிழில் ஒவ்வொரு யூனிகோடு குறியும் யூடிஎஃப்-8 முறையில் 3 பைட் பிடிக்கும். ஆகவே ‘காஞ்சிபுரம்’ என்ற சொல்லுக்கு 33 பைட் வேண்டும். ஊர்ப்பெயரே ஓர் அறைக்குள் அடங்காத இடத்தில் ஒளிப்படத்தை வைக்க முடியாது.

சேவைகள் வளர்ந்த விதம்

2014இல் ஹுவான் பெனெட் முன்வைத்த ஐபிஎஃப்எஸ், கோப்பை அது இருக்கும் இடத்தால் அல்லாமல் அதன் ஹாஷால் அழைக்கும் வழியைத் தந்தது. முகவரி ஒன்றாக இருந்தால் பொருளும் ஒன்றேதான் என்பது இதன் பெரும் பலம். ஆனால் கோப்பை யாராவது விரும்பி வைத்திருக்கும்வரைதான் அது கிடைக்கும். ஐபிஎஃப்எஸ்ஸில் போட்டால் அழியாது என்று நம்பிச் செயலி கட்டியவர்கள் பலர் ஏமாந்தார்கள்.

அந்தக் குறையைக் கூலியால் தீர்க்க பெனெட்டின் குழு உருவாக்கிய ஃபைல்காயின் 2020 அக்டோபரில் இயங்கத் தொடங்கியது. சேமிப்பாளர் பிணைத்தொகை கட்டுகிறார். தரவு தம்மிடம் இருப்பதை ஒவ்வொரு 24 மணி நேரத்துக்குள்ளும் நிரூபிக்கிறார். தவறினால் பிணையில் பிடித்தம். பெரிய ஆவணக் குவியலைக் குறைந்த செலவில் கிடத்திவைக்க இது ஏற்றது. சேமிக்கும்போது சிறப்பாகக் குறியாக்கி ‘முத்திரையிட்ட’ தரவை மீண்டும் பிரித்தெடுக்க நேரம் பிடிப்பதால், நொடியில் திறக்க வேண்டிய செயலிக்கு இது மட்டும் போதாது.

2018இல் வந்த ஆர்வீவ் வேறு வழியில் போனது. ஒருமுறை பணம் கட்டினால் போதும்; அதில் பெரும்பகுதி அறக்கட்டளை முதல்போல ஒதுக்கப்படுகிறது. சேமிப்புச் செலவு ஆண்டுக்கு 0.5 விழுக்காடாவது குறையும் என்று கொண்டு 200 ஆண்டுகளுக்குக் கணக்கிடுகிறார்கள். நூலகங்களுக்கு இது கவர்ச்சியானது. ஆனால் அந்த முதல், வலையமைப்பின் சொந்த நாணயமான டோக்கனாகவே இருப்பதால், டோக்கனின் மதிப்பு சரிந்தால் வாக்குறுதியும் ஆட்டம் காணும்.

ஸ்டோர்ஜ் கோப்பை மறைகுறியாக்கி 80 துண்டுகளாக்குகிறது; எந்த 29 கிடைத்தாலும் போதும். 2015இல் தொடங்கிய சியாவில் 30 துண்டுகளில் 10 போதும். கிளவுட் சேமிப்புக்குப் பழகிய நிரலாளர் அதிகம் மாற்றாமல் நுழையக்கூடியது ஸ்டோர்ஜ்தான். துண்டுகள் எங்கே என்ற பட்டியலை மட்டும் ‘சாட்டிலைட்’ என்னும் சில சர்வர்கள் வைத்திருக்கின்றன. பரவல் அந்த இடத்தில் நின்றுவிடுகிறது.

2024 மார்ச்சில் எத்தீரியம் ‘பிளாப்’ என்ற மலிவுத் தரவுப்பகுதியைச் சேர்த்தது. அது சுமார் 18 நாளில் நீக்கப்படும் என்பதால், சரிபார்ப்புக்கு உதவுமே தவிர சேமிப்பாகாது. 2025 மார்ச்சில் வந்த வால்ரஸ், மூலக்கோப்பைப்போல ஏறத்தாழ ஐந்து மடங்கு இடத்துக்குள் கணுக்கள் எனப்படும் சேமிப்புக் கணினிகளின் பெரும்பகுதி விழுந்தாலும் மீட்கக்கூடிய குறிமுறையைப் பயன்படுத்துகிறது. தவணை முடிந்ததும் தரவை அழிக்கவும் அதில் வழியுண்டு. தானாக அது எதையும் மறைக்காது. அந்தரங்கக் கோப்பை மறைகுறியாக்குவது பயனரின் பொறுப்பு.

செயற்கை நுண்ணறிவின் தேவைகள்

405 பில்லியன் அளவுருக்கள் கொண்ட லாமா 3.1 என்ற செயற்கை நுண்ணறிவு மாதிரியை 16 பிட்டில் வைக்க ஏறத்தாழ 810 ஜிபி வேண்டும். பயிற்சியின்போது இவ்வளவையும் வேகமாகப் படிக்க, அருகிலுள்ள தரவு மையத்துக்கு ஈடாகப் பரவல் வலையமைப்பு இன்னும் வரவில்லை. அதன் பயன் வேறிடத்தில் இருக்கிறது: எந்தத் தரவில் எந்த மாதிரி பயிற்சி பெற்றது என்பதற்குத் திருத்த முடியாத சான்று.

அந்தத் தேவையையும் அதன் ஆபத்தையும் சேர்த்துக் காட்டியது லயன்-5பி. 2022இல் வெளியான இத்தொகுப்பில் 585 கோடி பட–உரை இணைகள் இருந்தன. ஆனால் படங்கள் இல்லை, இணைய முகவரிகள் மட்டுமே. முகவரிகள் செத்துப்போகப் போக, ஒரே பெயரில் ஆளுக்கொரு தொகுப்பாக ஆனது. ஹாஷ்வழி முகவரியோடு படங்களையும் யாராவது தொடர்ந்து வைத்திருந்தால் இது நேர்ந்திராது. 2023 டிசம்பரில், குழந்தைகள் மீதான பாலியல் கொடுமைப் படங்களின் முகவரிகள் அதில் இருப்பதை ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் கண்டறிந்ததும் தொகுப்பு திரும்பப் பெறப்பட்டது. சுத்திகரித்த பதிப்பு 2024இல் வந்தது. அழிக்கவே முடியாத சேமிப்பில் அது இருந்திருந்தால் திரும்பப் பெறுவது எப்படி? ஆர்வீவ் போன்ற நிரந்தரச் சேமிப்பைப் பயிற்சித் தரவுக்குப் பரிந்துரைப்பவர்கள் இந்தக் கேள்விக்கு இன்னும் போதிய பதில் சொல்லவில்லை.

தமிழ்நாட்டிலும் இந்தியாவிலும்

தமிழ்நாடு அரசு 2020 செப்டம்பரில் பிளாக்செயின் கொள்கையையும், பாதுகாப்பான, நெறிசார்ந்த செயற்கை நுண்ணறிவுக் கொள்கையையும் ஒன்றாக வெளியிட்டது. மாநில மின்னாளுமை முகமை ‘நம்பிக்கை இணையம்’ என்ற பிளாக்செயின் அடித்தளத்தை உருவாக்கியது. ‘இ-பெட்டகம்’ செயலி அதைப் பயன்படுத்துகிறது. ராஜகுளத்து மாணவியின் சான்றிதழைக் கல்லூரி ஒன்று சரிபார்க்க வேண்டுமானால், இத்தகைய அமைப்பே அதற்குப் பொருத்தமானது. டோக்கன் வாங்க வேண்டாம். தனிவிவரம் பொதுவெளியில் கிடக்க வேண்டாம். தனிநபர் தரவை அழிக்கக் கோரும் உரிமையை 2023ஆம் ஆண்டின் மின்னியல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தருகிறது. எனவே பிளாக்செயினில் ஹாஷை மட்டும் பதித்து, கோப்பை அழிக்கக்கூடிய இடத்தில் வைப்பதே முறை.

ஒன்றிய அரசு 2024 செப்டம்பரில் அறிமுகப்படுத்திய ‘விஷ்வஸ்யா’ என்ற பிளாக்செயின் தொழில்நுட்பத் தொகுப்பு, தேசியத் தகவலியல் மையத்தின் புவனேஸ்வர், புனே, ஐதராபாத் தரவு மையங்களில் இயங்குகிறது. வெள்ளமோ தீயோ ஒரு நகரைத் தாக்கினாலும் மற்ற இரண்டு இருக்கும். மூன்றையும் நடத்துவது ஒரே அமைப்பு என்பதால், இடத்தில் வந்துள்ள பரவல் பொறுப்பில் இன்னும் வரவில்லை. பல்கலைக்கழகங்களும் நூலகங்களும் தங்கள் கணுக்களை நடத்த அனுமதி பெறும்போதுதான் அது வரும்.